கார்பன் நானோகுழாய்களில் பலபடிச் சங்கிலிகளை ஒட்டுக்கட்டிய வரலாறு

கார்பன் நானோகுழாய் என்பது கார்பன் அணுக்களால் மட்டுமே ஆன, உள்ளீடற்ற, மிக நுண்ணிய குழாய் ஆகும். பலபடி (பாலிமர்) என்பது சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி ஆகும். நெகிழி, நைலான், ரப்பர், பருத்தியிலுள்ள செல்லுலோஸ், கஞ்சியிலுள்ள ஸ்டார்ச் எல்லாம் பலபடிகளே. இந்தச் சங்கிலியின் ஒரு முனையை நானோகுழாயின் சுவரில் வேதிப்பிணைப்பால் பொருத்துவதைப் பலபடி ஒட்டுக்கட்டுதல் என்பர். மாங்கன்றில் ஒட்டுக்கட்டுவது போன்றதே இதுவும். இரண்டும் இணைந்தபின் ஒரே பொருளாக வேலை செய்ய வேண்டும்.

உலகின் மிக வலிமையான இழை என்று புகழப்பட்ட ஒரு பொருள், பல ஆண்டுகளாக எதிர்பார்த்த வலிமையைக் காட்டாமல் இருந்தது. குறை இழையில் இல்லை, இணைப்பில்தான் இருந்தது என்பதை ஆய்வாளர்கள் படிப்படியாகக் கண்டனர். அந்த இணைப்பைத் தேடிய வரலாறே இக்கட்டுரை.

சோமனூர் சைசிங்கிலிருந்து ஒரு பாடம்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் சோமனூர் விசைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கே பாவு நூல் நேராகத் தறிக்குப் போவதில்லை. முதலில் சைசிங் மில்லுக்குப் போகிறது. அங்கே நூல்கள் சூடான கஞ்சித் தொட்டியில் நனைந்து, உருளைகளுக்கு இடையே பிழியப்பட்டு, சூடான சிலிண்டர்களின் மேல் உலர்ந்து, பீமில் சுற்றப்படுகின்றன. கஞ்சிக்கு மரவள்ளி மாவு, மக்காச்சோள மாவு போன்றவை பயன்படும். பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைப் பலபடியைச் சேர்ப்பதும் உண்டு.

கஞ்சி போடாத நூலின் மேற்பரப்பில் பஞ்சு இழைகள் சிலும்பி நிற்கும். தறியில் விழுதுக்கும் அச்சுக்கும் நடுவே உரசும்போது பக்கத்து நூலோடு ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். கஞ்சியிலுள்ள பலபடி அந்தச் சிலும்பலைப் படியவைத்து, ஒவ்வொரு நூலையும் தனித்தனியாக நிறுத்துகிறது. நெய்து முடிந்ததும், சாயம் போடுவதற்கு முன், அமிலேஸ் நொதியைக் கொண்டு கஞ்சியைக் கழுவி எடுத்துவிடலாம். கஞ்சி நூலின் மேல் படிந்திருந்ததே தவிர, நூலோடு வேதிப்பிணைப்பால் இணையவில்லை.

அடுத்து வரும் சாயம் வேறுவகை. பருத்திக்கு இன்று பெரிதும் பயன்படும் வினைச்சாயங்கள் (ரியாக்டிவ் சாயங்கள்), காரத்தின் உதவியால் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதியோடு சகப்பிணைப்பு கொள்கின்றன. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீஃபன் என்ற இருவர் 1954-இல் இதைக் கண்டறிந்தனர். 1956-இல் புரோசியன் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இந்தச் சாயம் எளிதில் துவைத்துப் போகாது.

கழுவினால் போகும் கஞ்சி, கழுவினாலும் போகாத சாயம் என்ற இந்த இரண்டு வகையையும் மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால், நானோகுழாய் வரலாற்றின் பெரும்பகுதி எளிதில் விளங்கும். கார்பன் இழைத் தொழிலிலும் இழையின் மேல் பூசும் மெல்லிய பலபடிப் பூச்சுக்குச் சைசிங் என்றே பெயர்.

குழாய்கள் அறிமுகமான கதை

1952-இல் சோவியத் ஆய்வாளர்கள் ராதுஷ்கேவிச், லுக்யானோவிச் இருவரும் உள்ளீடற்ற கார்பன் இழைகளின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை ரஷ்ய மொழியில் வெளியிட்டனர். உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1976-இல் ஓபர்லின், எண்டோ, கொயாமா ஆகியோரும் இத்தகைய இழைகளைப் படம் பிடித்தனர். 1991-இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவன ஆய்வாளர் சுமியோ இஜிமா நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையே உலகின் கவனத்தைத் திருப்பியது. அவர் கண்டவை ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் கொண்ட குழாய்கள். ஒற்றைச்சுவர்க் குழாய்களை 1993-இல் இஜிமா குழுவும், அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பெத்யூன் குழுவும் தனித்தனியே அறிவித்தன. இரண்டு கட்டுரைகளும் நேச்சரின் ஒரே இதழில் வெளிவந்தன.

ஒற்றைச்சுவர்க் குழாயின் விட்டம் சுமார் 1 நானோமீட்டர், அதாவது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதில் எல்லா அணுக்களும் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. ஒரு கிராம் ஒற்றைச்சுவர்க் குழாயின் வெளிப்பரப்பைக் கணக்கிட்டால் சுமார் 1,300 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் ஏறக்குறைய 32 சென்ட் நிலம். இவ்வளவு பரப்பும் பலபடியைத் தொட்டு நின்றால் எவ்வளவு நல்ல கலவை கிடைக்கும் என்பதே அன்றைய ஆய்வாளர்களின் கனவு.

வலிமையும் வியக்கத்தக்கது. 1996-இல் டிரீசி, எப்பசன், கிப்சன் ஆகியோர், குழாய்களின் வெப்ப அதிர்வை அளந்து, அவற்றின் யங் குணகம் டெராபாஸ்கல் அளவில் இருப்பதைக் காட்டினர். எஃகின் யங் குணகம் இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்.

ஒட்டிக்கொள்ளும் குழாய்கள்

நடைமுறையில் முதல் தடை கலக்கும்போதே வந்தது. நானோகுழாய்கள் நீரிலும் கரைவதில்லை, பெட்ரோலியக் கரைப்பான்களிலும் கரைவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றைகளாகிவிடுகின்றன.

இதற்குக் காரணம் வாண்டர் வால்ஸ் விசை. பாடநூலில் இதை வலிமை குன்றிய விசை என்று படிக்கிறோம். ஆனால் இரண்டு குழாய்கள் நீளவாக்கில் தொட்டுக்கொண்டால், ஒவ்வொரு நானோமீட்டர் நீளத்துக்கும் சுமார் 0.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் சேர்கிறது. 1 மைக்ரோமீட்டர் நீளத்துக்கு அது 500 எலக்ட்ரான் வோல்ட். ஒரு கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை முறிக்கத் தேவைப்படுவது சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட். அதாவது, தனித்தனியே பொருட்படுத்தத் தேவையில்லாத விசைகள் கூடி, நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பிணைப்புகளுக்கு ஈடாகின்றன. சிறு பஞ்சு இழைகள் முறுக்கேறியதும் உறுதியான நூலாவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அஜயனின் கலவையும் ஒரு கசப்பான முடிவும்

இவ்வரலாற்றில் அடிக்கடி வரும் பெயர் புளிக்கல் அஜயன். 1962-இல் கேரளத்தின் கொடுங்கல்லூரில் பிறந்தவர். வாரணாசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பொறியியல் படித்து, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஜப்பானில் என்.இ.சி. ஆய்வகத்தில் பணியாற்றினார். 1992-இல் எப்பசனும் அவரும் நானோகுழாய்களைக் கிராம் கணக்கில் உண்டாக்கும் முறையை வெளியிட்டனர். அதன்பிறகே மற்ற ஆய்வகங்களுக்கும் போதிய அளவு குழாய்கள் கிடைக்கத் தொடங்கின.

1994-இல் அஜயனும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் எப்பாக்சி பிசினில் நானோகுழாய்களைக் கலந்து, இறுகவைத்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டினர். கத்தி நகர்ந்த திசையில் குழாய்கள் வரிசையாகப் படிந்திருந்தன. பலபடியும் நானோகுழாயும் சேர்ந்த கலவைகளில் இதுவே முன்னோடி.

அடுத்து எழுந்தது, கலவையை இழுத்தால் சுமை குழாய்க்குப் போய்ச் சேருகிறதா என்ற கேள்வி. 1998-இல் லிண்டா ஷாட்லர், ஜியானாரிஸ், அஜயன் ஆகியோர் இதைச் சோதித்தனர். எப்பாக்சியில் பதித்த பலசுவர்க் குழாய்களை அழுத்தியபோது சுமை குழாய்களுக்குச் சென்றது. இழுத்தபோது அந்த அளவு செல்லவில்லை. வெளிச்சுவர் மட்டும் சுமையைத் தாங்க, உள்சுவர்கள் வழுக்கின. 2000-இல் ஒற்றைச்சுவர்க் குழாய்களைக் கொண்டு செய்த ஆய்வில், கற்றைக்குள்ளேயே குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவது தெரிந்தது.

குழாய் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், சுற்றியுள்ள பலபடி அதைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பயனில்லை. கற்றையைப் பிரிக்க வேண்டும், பிரித்த ஒவ்வொன்றையும் பலபடியோடு பிணைக்க வேண்டும். ஒட்டுக்கட்டுதலின் தேவை இவ்வாறு உறுதியாயிற்று.

முன்பே இருந்த பட்டறிவு

கார்பனோடு பலபடியை இணைக்கும் கலை புதிதல்ல. டயரில் ரப்பரோடு கார்பன் கரி (கார்பன் பிளாக்) கலப்பது நூறாண்டுக்கும் மேலான வழக்கம். அந்தக் கரித்துகளின் மேற்பரப்பில் பலபடிச் சங்கிலிகளை ஒட்டுக்கட்டும் வழிகளை ஜப்பானின் நீகாட்டா பல்கலைக்கழகத்து நோரியோ சுபோகாவா பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1992-இல் விரிவான தொகுப்புரை ஒன்றை எழுதினார். கரித்துகளின் மேற்பரப்பில் ஆக்சிஜன் கொண்ட வேதித்தொகுதிகள் இயல்பாகவே உண்டு. அவையே கைப்பிடிகள். ஆனால் நானோகுழாயின் சுவர் வழவழப்பானது, பிடிக்க இடமில்லாதது. ஆகவே முதலில் கைப்பிடி செய்ய வேண்டியிருந்தது.

அமிலம் செய்த கைப்பிடி

1990-களில் கைப்பிடி செய்த கருவி அமிலம். நைட்ரிக் அமிலம் குழாயின் மூடிய முனைகளைத் திறப்பதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1994-இல் காட்டினர். 1998-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மாலியின் குழு, கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த கலவையில் குழாய்களை இட்டு, ஒலியலைகளால் குலுக்கி, அவற்றைச் சிறு துண்டுகளாக்கியது. வெட்டுப்பட்ட முனைகளில் கார்பாக்சில் தொகுதிகள் உருவாயின. பள்ளியில் படிக்கும் அசிட்டிக் அமிலத்தில் உள்ள அதே தொகுதிதான்.

அதே 1998-இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹாடன் குழு அடுத்த படியை எடுத்து வைத்தது. கார்பாக்சில் தொகுதியைத் தயோனைல் குளோரைடால் அமிலக் குளோரைடாக மாற்றி, ஆக்டாடெசில்அமீன் என்ற 18 கார்பன் கொண்ட மூலக்கூற்றை அமைடு பிணைப்பால் இணைத்தனர். அதுவரை எதிலும் கரையாத குழாய்கள் கரிமக் கரைப்பான்களில் கரைந்தன. 18 கார்பன் கொண்ட வாலால் இது முடியுமானால், ஆயிரம் அலகு கொண்ட பலபடியால் இன்னும் நன்றாக முடியும் என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது.

நடவு முறை

பலபடியை ஒட்டுக்கட்டுவதில் இரண்டு வழிகள் உருவாயின. நெல் வயலை நினைத்தால் இரண்டும் விளங்கும். நாற்றங்காலில் வளர்த்த நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவது ஒரு வழி. வயலிலேயே விதைத்து முளைக்கவிடுவது மற்றொரு வழி.

முதல் வழியில், பலபடிச் சங்கிலியைத் தனியே தயாரித்து, அதன் வினைபுரியும் தொகுதியைக் குழாயிலுள்ள கைப்பிடியோடு இணைப்பார்கள். 2000-ஆம் ஆண்டில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் யா-பிங் சன் குழு, அமீன் தொகுதி கொண்ட ஒரு பலபடியை நானோகுழாய்களோடு இணைத்து அவற்றைக் கரையச் செய்தது. நடவு முறையின் தொடக்ககால வெற்றிகளில் இது முக்கியமானது.

இம்முறையின் நன்மை, நடப்போகும் சங்கிலியின் நீளத்தை முன்கூட்டியே அளந்து தேர்ந்துகொள்ளலாம் என்பது. குறை, நெருக்கமாக நட முடியாது என்பது. நீண்ட பலபடிச் சங்கிலி கரைசலில் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். முதலில் ஒட்டிய சில கண்டுகள் குழாயின் மேல் படர்ந்து, பின்னால் வரும் சங்கிலிகளை அண்டவிடாமல் தடுத்துவிடும்.

விதைப்பு முறை

இரண்டாம் வழியில், பலபடியாக்கலைத் தொடங்கிவைக்கும் தொடக்கி மூலக்கூறு குழாயின் சுவரில் முதலில் பொருத்தப்படும். பின்னர் ஒற்றைப்படி மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து சேர, சங்கிலி சுவரிலிருந்தே வளரும். ஒற்றைப்படி மூலக்கூறுகள் சிறியவை ஆதலால் சந்துகளிலும் நுழைந்துவிடும். அதனால் நெருக்கமான விளைச்சல் கிடைக்கும்.

2003-இல் அமெரிக்காவின் ரென்சிலேர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில், அஜயன் இடம்பெற்ற குழு இதை ஒரே படியில் செய்துகாட்டியது. கட்டுரையின் முதல் இரு ஆசிரியர்கள் குணரஞ்சன் விஸ்வநாதன், நிருபமா சக்ரபாணி. அவர்கள் அமிலத்தைத் தொடவில்லை. பியூட்டைல் லித்தியம் என்ற வினைபொருளைச் சேர்த்தபோது, குழாயின் சுவரில் எதிர்மின்சுமை கொண்ட புள்ளிகள் தோன்றின. ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்குமாதலால் கற்றைகள் பிரிந்தன. அதே புள்ளிகளிலிருந்து ஸ்டைரீன் பலபடியாகி வளர்ந்தது. பிரிப்பதும் பிணைப்பதும் ஒரே வினையில் முடிந்தன.

அதே ஆண்டு கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் அட்ரோனாவ் குழு வேறு வழியில் சென்றது. இத்தாலியின் மவுரிட்சியோ பிராட்டோ குழு 2002-இல் நானோகுழாய்களுக்குப் பயன்படுத்திய வளையச் சேர்க்கை வினையைக் கொண்டு தொடக்கிகளைச் சுவரில் பொருத்தி, அணுப் பரிமாற்றத் தனியுறுப்புப் பலபடியாக்கல் மூலம் சங்கிலிகளை வளர்த்தது. நீண்ட பெயர் கொண்ட இந்த வினையை 1995-இல் அமெரிக்காவில் மத்யாஷெவ்ஸ்கியும் ஜப்பானில் சவமோட்டோவும் தனித்தனியே கண்டறிந்திருந்தனர். சங்கிலிகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில், கட்டுப்பாட்டோடு வளர்வதே இதன் சிறப்பு.

2004-இல் இம்முறை பலசுவர்க் குழாய்களுக்கு வந்தது. ஷாங்காய் ஜியாவோ தோங் பல்கலைக்கழகக் குழு, சேர்க்கும் ஒற்றைப்படியின் அளவை மாற்றிப் பலபடி உறையின் தடிமனையே மாற்றலாம் என்று காட்டியது. அதே ஆண்டு டென்னசி பல்கலைக்கழகத்திலிருந்து துரைராஜ் பாஸ்கரன், ஜிம்மி மேஸ், பிராட்சர் ஆகியோரின் கட்டுரை வெளிவந்தது. பாஸ்கரன் அதற்கு முன் புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில், எஸ். சிவராமுடன் பலபடியாக்கல் வினைகளை ஆராய்ந்தவர். 1990-களில் இந்தியாவில் பெற்ற பயிற்சி, பத்தாண்டுக்குள் ஒரு புதிய துறையில் பயன்பட்டதற்கு இது ஒரு சான்று.

சுற்றிக் கட்டும் முறை

இதற்கிடையே, குழாயின் சுவரில் எந்தப் பிணைப்பும் ஏற்படுத்தாமல் பலபடியை வெறுமனே சுற்றிவிடும் முறையும் வளர்ந்தது. 2001-இல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு, பாலிவினைல் பிர்ரோலிடோன் என்ற நீரில் கரையும் பலபடியைக் குழாய்களின் மேல் சுற்றி, அவற்றை நீரில் விரவச் செய்தது. கரைப்பானை மாற்றினால் சுற்றிய பலபடி அவிழ்ந்துவிடும். 2003-இல் டூபாண்ட் நிறுவன ஆய்வாளர்கள் டி.என்.ஏ. இழைகளைக் கொண்டே குழாய்களைச் சுற்றினர். டி.என்.ஏ.-வும் ஒரு பலபடியே.

இது நம் சைசிங் மில் கஞ்சி முறை. ஒட்டுக்கட்டுதல் வினைச்சாய முறை. தேவை முடிந்ததும் கழுவி எடுக்க வேண்டுமானால் முன்னது நல்லது. இழுவிசையைத் தாங்கி நிற்க வேண்டுமானால் பின்னது நல்லது.

ஒட்டியதா என்று அறிவது எப்படி?

பலபடி உண்மையிலேயே பிணைந்ததா, வெறுமனே படிந்திருக்கிறதா என்பது இத்துறையில் எப்போதும் எழும் கேள்வி. சாயம் ஏறிய துணியைச் சோப்பு நீரில் துவைத்துப் பார்ப்பது போல, முதலில் நல்ல கரைப்பானில் பலமுறை கழுவி வடிகட்டுவார்கள். ஒட்டாத சங்கிலிகள் கழுவலோடு போய்விடும். பிறகு மிஞ்சியதைச் சூடாக்கி எடைக்குறைவை அளப்பார்கள். பலபடி சிதைந்து வெளியேறும், அதைவிட உயர்ந்த வெப்பநிலையைத் தாங்கும் குழாய் மிஞ்சும். இரண்டின் எடையிலிருந்து ஒட்டிய அளவு தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குழாயைச் சுற்றிய உறையையும் காணலாம்.

குழாய்ச் சுவரின் நிலையை அறிய உதவுவது ராமன் நிறமாலை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவே இதன் அடிப்படை. சிதையாத சுவர் 1,580 என்ற அலைஎண்ணுக்கு அருகே வலுவான முகடு தரும். சுவரில் பழுது இருந்தால் 1,350-க்கு அருகே மற்றொரு முகடு உயரும். இரண்டு முகடுகளின் விகிதத்தைப் பார்த்து, ஒட்டுக்கட்டும்போது சுவர் எவ்வளவு மாறியது என்று கணிப்பார்கள்.

பிணைப்பின் விலை

ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு விலை உண்டு. நானோகுழாயில் ஒவ்வொரு கார்பனும் மூன்று கார்பன்களோடு இணைந்து, மிஞ்சும் எலக்ட்ரானைச் சுவர் முழுவதும் உலவவிடுகிறது. மின்சாரம் நன்கு பாய்வது இதனால்தான். அந்தக் கார்பனில் ஒரு பலபடிச் சங்கிலியைச் சகப்பிணைப்பால் பொருத்தினால், அதற்கு நான்கு பிணைப்புகள் வந்துவிடும், உலவும் எலக்ட்ரானின் பாதையில் ஒரு தடை விழும். பிணைப்புகள் கூடக் கூட மின்கடத்துதிறன் குறையும். வலுவான அமிலங்கள் குழாயின் நீளத்தையும் குறைக்கும்.

பலசுவர்க் குழாய்களில் இதற்கு ஓரளவு மாற்று உண்டு. வெளிச்சுவரைப் பிணைப்புக்கு விட்டுக்கொடுத்து, உள்சுவர்களை மின்கடத்தலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்சுவர்கள் வழுக்கும் என்ற 1998-ஆம் ஆண்டுப் பாடமும் நினைவில் இருக்க வேண்டும். ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை விட வேண்டியிருக்கிறது.

உடல்நலம் பற்றிய கேள்வியும் எழுந்தது. நீண்ட, விறைப்பான பலசுவர்க் குழாய்களை எலிகளின் வயிற்றுக் குழியில் செலுத்தியபோது ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைப் போன்ற அழற்சி ஏற்பட்டதை 2008-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2014-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஒரு குறிப்பிட்ட வகைப் பலசுவர்க் குழாயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் சேர்த்தது. பஞ்சுத் தூசியோடு வாழும் ஊர்க்காரர்களுக்கு, மூச்சில் போகும் நுண்ணிழை சாதாரண விஷயம் அல்ல என்பதை விளக்க வேண்டியதில்லை. குழாயை உலர்ந்த தூளாகக் கையாள்வதைவிட, பலபடியில் பிணைத்தோ நீர்மத்தில் விரவியோ கையாள்வது தூசியைக் குறைக்கும்.

கொடுமணலும் கீழடியும்

பழந்தமிழர் நானோகுழாய்களை அறிந்திருந்தனரா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சான்றுகள் சொல்வதை மட்டும் பார்க்கலாம்.

சோமனூருக்கு அருகே ஓடும் அதே நொய்யல், கிழக்கே சென்று ஈரோடு மாவட்டத்தில் கொடுமணலைத் தொடுகிறது. பதிற்றுப்பத்து குறிப்பிடும் தொன்மையான தொழில் ஊர் அது. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் அங்கே மணிக்கல் தொழிலோடு இரும்பு, எஃகு உருக்கிய உலைகளின் தடயங்களும் கிடைத்தன. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகு பிற்காலத்தில் ஊட்ஸ் என்று உலகப் புகழ் பெற்றது. 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த பீட்டர் பாஃப்லர் குழு, சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்திலிருந்த 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளின் துண்டை அமிலத்தில் கரைத்தபோது, மிஞ்சியதில் நானோகுழாய்களைக் கண்டதாக நேச்சர் இதழில் எழுதியது. டமாஸ்கஸ் வாள்களுக்கு மூலப்பொருள் ஊட்ஸ் எஃகு. ஆனால் ஆராயப்பட்டது கொடுமணல் எஃகு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

2020-இல் வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் கருநிறப் பூச்சில் நானோகுழாய்கள் இருப்பதாக அறிவித்தது. பூச்சுக்குத் தாவரச் சாறு பயன்பட்டு, சூளையின் வெப்பத்தில் அது கார்பன் குழாய்களாக மாறியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இந்த இரண்டு செய்திகளும் பெருமைக்குரியவை. கொல்லரும் குயவரும் வெப்பத்தையும் பொருளையும் அளந்து அறிந்திருந்தனர். குழாயைக் கண்ணால் கண்டோ, திட்டமிட்டோ அவர்கள் செய்யவில்லை. திறமை கைக்குள் இருந்தது, விளக்கம் பின்னால் வந்தது. இப்படிச் சொல்வதால் அவர்கள் பெருமை குறைவதில்லை. குழாயின் மேல் சங்கிலியை இன்ன இடத்தில் இன்ன நீளத்தில் வளர்ப்பேன் என்று முன்கூட்டிச் சொல்லிச் செய்தது மட்டும் 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வேலை.

எதிர்பார்ப்பும் இன்றைய நிலையும்

2004-இல் கிராஃபீன் வந்தபின் ஆய்வாளர் கவனம் ஓரளவு அதன் பக்கம் திரும்பியது. ஒட்டுக்கட்டும் முறைகள் அங்கும் பயன்பட்டன. 2013-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் நானோகுழாய்த் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. எஃகை விஞ்சும் கயிறு நாளையே வந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமே.

ஆனால் நானோகுழாய் மறைந்துவிடவில்லை. இன்று லித்தியம் அயனி மின்கலங்களின் மின்முனைகளில், மின்சாரம் பாயும் வலைப்பின்னலாக அது பயன்படுகிறது. அங்கே வேண்டியது மின்கடத்தல். எனவே சுவரைச் சிதைக்காமல், சுற்றும் பலபடிகளின் உதவியால் குழாய்களை விரவவைப்பதே வழக்கம். சுமை தாங்கும் கலவைகளுக்கோ சகப்பிணைப்பு தேவைப்படுகிறது. எந்த முறை சிறந்தது என்ற கேள்விக்கு, எந்த வேலைக்கு என்ற மறுகேள்விதான் விடை.

இந்தியாவில் 2001-இல் நானோ அறிவியலுக்கான தேசிய முன்முயற்சியும், 2007-இல் நானோ மிஷனும் தொடங்கப்பட்டபின் பல பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இத்துறை பாடமாகவும் ஆய்வாகவும் நுழைந்தது. நூல், கஞ்சி, சாயம் ஆகியவற்றோடு வளரும் கொங்கு நாட்டு மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மேற்பரப்பு வேதியியலின் அடிப்படைக் கேள்வியை அவர்கள் சைசிங் மில்லிலேயே பார்த்திருக்கிறார்கள். ஒட்டவைப்பது எப்படி, ஒட்டியது நிற்குமா, அதற்கு எதை இழக்கிறோம் என்பதே அக்கேள்வி. 1998-இல் ஷாட்லரும் அஜயனும் எப்பாக்சித் துண்டை இழுத்துப் பார்த்துக் கேட்டதும் இதைத்தான்.